சொல்லடைவு எங்கே போயிற்று?

1974இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 15ஆம் பதிப்பு வெளிவந்தபோது அதில் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல், இல்லை. குறுங்கட்டுரைகளுக்கென ஒதுக்கிய பத்துத் தொகுதிகளே வழிகாட்டிவிடும் என்று பதிப்பாளர்கள் நம்பினார்கள். வாசகர்கள் விடவில்லை. 1985இல் சொல்லடைவுக்கென்றே இரண்டு முழுத் தொகுதிகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

2012இல் அச்சுப் பதிப்பு நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. புத்தகம் போய்த் திரை வந்ததைவிட, அந்தச் சொல்லடைவு என்ன ஆனது என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. அது மறையவில்லை, ஊதிப் பெருத்துவிட்டது.

அச்சில், தேர்ந்தெடுத்த சொற்களுக்குத்தான் அடைவில் இடம். இணையத்திலோ கணினி எல்லாக் கட்டுரைகளையும் முன்கூட்டியே அலசி, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தக் கட்டுரையில் வருகிறது என்று எண் வரிசையில் குறித்துவைக்கிறது. ‘நிலா’வுக்கு 3, 8, 15, 40 என்றும் ‘கடல்’ என்பதற்கு 8, 12, 40, 52 என்றும் பட்டியல் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் சேர்த்துத் தேடினால், இரு பட்டியல்களின் தலையிலும் ஒவ்வொரு விரலை வையுங்கள். சிறிய எண்மேல் இருக்கும் விரலை மட்டும் கீழே இறக்குங்கள். 3 நகர்ந்து 8 ஆகும். இரண்டும் ஒன்று, எடுத்துக்கொள்ளலாம். இரு விரல்களையும் இறக்கினால் 15, 12. பிறகு 15, 40. அடுத்து 40, 40. விடை: 8, 40. எந்த விரலும் மேலே திரும்புவதே இல்லை. பட்டியல்கள் எவ்வளவு நீண்டாலும் விடை சட்டென வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தமிழில் இன்னொரு படி வேண்டும். கடலில், கடலுக்கு, கடலோடு எல்லாம் ‘கடல்’ என்றே பதிவாக வேண்டும். சரி, ‘கடலை’ என்று வந்தால்? வேற்றுமை உருபு ஏற்ற கடலா, பயறு வகையா? பக்கத்துச் சொற்களைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

அச்சு அடைவைத் தொகுத்தவர்கள் பொருளைப் படித்தவர்கள். ‘ஓதம்’ என்ற சொல்லே இல்லாமல் கடல்மட்டம் ஏறி இறங்குவதை விவரிக்கும் பக்கத்தையும் ‘ஓதம்’ என்பதன்கீழ் சேர்த்திருப்பார்கள். வெறும் சொற்பட்டியலால் அது இயலாது. சொற்களின் பொருள் நெருக்கத்தைக் கணக்கிடும் புதிய முறைகள் இந்தக் குறையைக் குறைத்துவருகின்றன. ஆனாலும் மனிதர்கள் விலகிவிடவில்லை. 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவில் ஒரே பொருளுக்குரிய மாற்றுப் பெயர்களுக்குத் தன்னார்வலர்கள் ‘வழிமாற்று’ப் பக்கங்களை அமைக்கிறார்கள். அச்சுக் களஞ்சியத்தின் ‘காண்க’ என்ற குறிப்பேதான் அது. அந்தப் பக்கத்தில் கட்டுரை இராது. எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்ற ஒரே ஒரு வரி இருக்கும்.