டோல் மரபணுவும் எதிர்ப்புச்சக்தி சிரப்புகளும்

பெங்களூரில் குழந்தைகளின் நோயெதிர்ப்புக் குறைபாடுகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அண்மையில் என்னிடம் வந்த ஒரு தமிழ்க் குழந்தைக்கு, இரண்டு வயது நிறைவதற்குள் நிமோகாக்கஸ் கிருமியால் ஒருமுறை மூளைக்காய்ச்சலும் பிறகு இடுப்பு மூட்டில் சீழும் ஏற்பட்டிருந்தன. இடைப்பட்ட மாதங்கள் முழுவதும் எதிர்ப்புச்சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் சிரப்புகளிலேயே கழிந்திருந்தன. "காய்ச்சல் பெரிதாக இல்லையே டாக்டர், உடம்பு தாங்குகிறது என்றுதான் நினைத்தோம்" என்றார் தந்தை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியவர்கள் மருத்துவம் படித்தவர்கள். மரபணுப் பரிசோதனையில், கிருமி புகுந்த செய்தியை உயிரணுவுக்குள் கடத்த உதவும் ஐராக்-4 என்ற மரபணுவின் இரு பிரதிகளும் பழுதுபட்டிருந்தது தெரியவந்தது.

எதிர்ப்புச்சக்தி என்பது ஏற்றவும் இறக்கவும் கூடிய ஒற்றை அளவு என்ற எண்ணத்தைப் போல் என் துறையில் தீங்கு செய்யும் எண்ணம் வேறில்லை. பிறவியிலேயே அமைந்த நோயெதிர்ப்பு, தனித்தனி மரபணுக்கள் உருவாக்கும் தனித்தனி ஏற்பிகளையும் (கிருமி வந்ததை உணரும் புரதங்கள்) அவற்றின் சமிக்ஞைப் பாதைகளையும் நம்பி இருக்கிறது. பழ ஈயின் வளர்கருவில் முதுகு எது, வயிறு எது என்பதைத் தீர்மானிப்பதாக முதலில் அறியப்பட்ட டோல் என்ற மரபணு, வளர்ந்த ஈயைப் பூஞ்சையிடமிருந்து காப்பதையும் 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகம் காட்டியது. 1998இல் புரூஸ் பாய்ட்லரின் குழு, பாக்டீரிய நச்சுக்கு அசையாத ஒரு வகை எலியில் டோல் போன்ற ஏற்பிகளுள் நான்காவது பழுதுபட்டிருப்பதைக் கண்டறிந்தது. இருவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. எதிர்ப்புச்சக்தியைக் கூட்டக் கேட்டு வரும் பெற்றோரிடம் நான் அந்த எலியைப் பற்றித்தான் சொல்கிறேன்: நச்சைச் செலுத்தினால் மற்ற எலிகள் அதிர்ச்சியில் இறக்க, அது பிழைத்துக்கொள்கிறது, ஆனால் உயிருள்ள சால்மொனெல்லா புகுந்தால் எளிதில் இறந்துபோகிறது. ஏற்பி வேலை செய்யாவிட்டாலும் ஆபத்து, அளவு மீறி வேலை செய்தாலும் ஆபத்து என்னும்போது, எதைக் கூட்டுவதாக அந்தப் புட்டிகள் சொல்கின்றன?

பரிணாமமும் இந்த மரபணுக்களைக் கூட்டிக்கொண்டே வரவில்லை. பழ ஈக்கு ஒன்பது டோல் மரபணுக்கள், மனிதனுக்குப் பத்து, எலிக்குப் பன்னிரண்டு, முதுகெலும்பற்ற கடலுயிரியான ஊதா நிறக் கடல் முள்ளெலிக்கோ இருநூறுக்கும் மேல். எலியிடம் வேலை செய்யும் பதினொன்றாம் ஏற்பி நம்மிடம் சிதைந்து கிடக்கிறது. நம்முடைய பத்தாவது எலியிடம் சிதைந்திருக்கிறது. ஈயின் டோல் ஏற்பி கிருமியை நேரே தொடுவதுகூட இல்லை. வேறு புரதங்கள் கிருமியை அடையாளம் கண்டு, ஸ்பெட்ஸ்லே என்ற புரதத்தை வெட்டித் தந்த பிறகே அது விழிக்கிறது. நம்முடைய ஏற்பிகள் கிருமியின் பகுதிகளைத் தாமே பற்றுகின்றன. இரு பாதைகளிலும் பொதுவாக இருக்கும் மைடி88 என்ற புரதத்தை இழந்த ஈ பூஞ்சைக்குப் பலியாகிறது. அதே புரதத்தையோ, அதற்கு அடுத்த கண்ணியான ஐராக்-4ஐயோ இழந்த குழந்தை, பூஞ்சையையும் பெரும்பாலான வைரஸ்களையும் இயல்பாகச் சமாளித்துவிட்டு, நிமோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற சில பாக்டீரியாக்களிடம் மட்டும் வீழ்கிறது. இத்தனை குறுகிய குறையைப் பொதுவான ஊட்டமருந்து எதுவும் நிரப்பாது.

காய்ச்சலை எழுப்பும் சமிக்ஞையும் இதே பாதையில்தான் செல்கிறது என்பதால், இக்குழந்தைகளுக்குக் கடும் தொற்றின் தொடக்கத்தில்கூடக் காய்ச்சல் குறைவாக இருக்கலாம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் ஏறாமல் இருக்கலாம். ரத்தத்தின் எதிர்ப்புப் புரதங்களை அளக்கும் வழக்கமான இம்யூனோகுளோபுலின் பரிசோதனையும் வெள்ளணு எண்ணிக்கையும் சரியாக இருப்பதைப் பார்த்து, "எல்லாம் நார்மல்" என்று எழுதி அனுப்பும் சக மருத்துவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஆறேழு முறை சளி பிடிக்கும் குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருக்குமோ என்று யாரும் அஞ்ச வேண்டாம். இது மிக அரிது. ஆனால் மூளையுறை, ரத்தம், எலும்பு, மூட்டு ஆகியவற்றில் இரண்டாம் முறை தொற்று வந்தாலோ, ஒரே ஆண்டில் இருமுறை நிமோனியா வந்தாலோ, குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தை தொற்றால் இறந்திருந்தாலோ, சிரப்பைத் தூக்கி எறிந்துவிட்டு நோயெதிர்ப்பு மருத்துவரிடம் வாருங்கள். நிமோகாக்கஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். குறைபாடு உறுதியான குழந்தை சோர்ந்து படுத்தால், வெப்பமானியைப் பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அக்குழந்தைக்கு மருத்துவர் எழுதித் தந்த தினசரி ஆன்டிபயாட்டிக்கை ஒரு நாளும் விடாமல் கொடுங்கள். பதின்வயதை எட்டிவிட்டால் உயிருக்கு ஆபத்தான தொற்றுகள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. அதுவரை குழந்தையைக் காப்பதற்குத்தான் இத்தனை மன்றாடல்.

இன்னொன்றைத் தயக்கத்தோடு கேட்கிறேன். அக்கா மகளையோ மாமன் மகளையோ மணந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். யாரும் உங்களைப் பழிப்பதற்காக அதைக் கேட்பதில்லை. உறவுக்குள் மணந்த பெற்றோர் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கக்கூடும்; அப்படிச் சுமந்தால் ஒவ்வொரு கருவிலும் குறைபாடு வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே மூத்த குழந்தைக்குக் குறைபாடு தெரிந்தவுடன், அடுத்த குழந்தை பிறக்கும்வரை காத்திராமல் மரபணு ஆலோசனைக்குச் செல்லுங்கள். பிறந்த குழந்தைக்கும் முதல் வாரத்திலேயே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள்.