கண்ணால் அளந்த சூடு

எங்கள் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்வது ஒரு துப்பாக்கியின் கதை. நாங்கள் துப்பாக்கி வேலை செய்பவர்கள் இல்லை. வண்டிப் பாகங்களுக்கும், உலோகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சுகளான டைகளுக்கும் சூடேற்றித் தோய்த்துப் பதம் ஏற்றுகிறவர்கள். ஆனால் உலைக்கு முன்னால் நிற்கப் போகிற ஆளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

1903இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள் அது. மாசசூசெட்ஸில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையிலும் இல்லினாயில் இருந்த ராக் ஐலண்டிலும் செய்தார்கள். குழாயின் பின்முனை திருகி உட்காரும் பாகத்துக்கு ரிசீவர் என்று பெயர். தோட்டா வெடிக்கும்போது பின்பக்கம் வரும் உதையை வாங்கும் போல்ட் என்ற தாழ் இதற்குள்தான் பூட்டிக்கொள்ளும். சுடுகிறவரின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிற இரும்பு. கார்பன் குறைந்த எஃகை ஃபோர்ஜிங் செய்து, அதாவது காய்ச்சி அடித்து வடிவமாக்கி, கடைந்து, எலும்புக்கரியில் புதைத்துச் சூடேற்றி, மேல்தோலில் கார்பனை ஏற்றி எண்ணெயில் தோய்த்தார்கள். மேல்தோலை மட்டும் கடினமாக்கும் கேஸ் ஹார்டனிங்தான், நாம் தினமும் செய்வது.

1917இல், அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய வருடம், சில ரிசீவர்கள் சுடும்போதே சில்லுசில்லாகச் சிதறின. தோட்டாவின் பித்தளைக் கூடு சிலவற்றில் அடிப்பக்கம் மென்மையாக இருந்தது. கூடு கிழிந்தால் வாயு ரிசீவருக்குள் பாயும். பதம் சரியாக இருந்தால் எஃகு கொஞ்சம் உப்பி அந்த அடியை வாங்கிக்கொள்ளும். இவை கண்ணாடி போல் உடைந்தன.

விசாரித்தபோது தெரியவந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். உலையில் இருந்தவர்கள் அனுபவசாலிகள். இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார்கள். சூடு அளக்கும் கருவியான பைரோமீட்டர் வைத்துப் பார்த்தால், வெயில் பளீரென்று அடிக்கும் நாளில் ‘சரியான நிறம்’ என்று அவர்கள் எடுத்த சூடு, மேகம் மூடிய நாளில் எடுத்ததைவிட 300 பாரன்ஹீட் டிகிரி வரை அதிகம். நம் கணக்கில் சுமார் 165 செல்சியஸ் டிகிரி. யாரும் அசட்டையாக இருந்துவிடவில்லை. வெளிச்சம் மாறியது, கண் அதற்கேற்பப் பழகியது, அவ்வளவுதான்.

சுமார் 525 டிகிரியில் இரும்பு மெல்லச் சிவக்கத் தொடங்குகிறது. அதை நடுப்பகல் வெளிச்சத்தில் பார்க்கவே முடியாது. ஊர்ப்பட்டறையில் கொல்லர்கள் உலையை இருட்டு மூலையில் வைத்து, அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதைப் பொழுது சாய்ந்தபின் வைத்துக்கொள்வது இதனால்தான். அவர்களுக்குக் கண்ணின் பலவீனம் தெரிந்திருந்தது. பெரிய ஜன்னல்கள் வைத்த தொழிற்சாலைக்குள் அதே பழக்கம் வந்தபோதுதான் ஆபத்தானது.

அதிகச் சூட்டில் இரண்டு நிலை உண்டு. இதை நம் ஆட்களே குழப்பிக்கொள்கிறார்கள். முதல் நிலையில் கிரெய்ன், அதாவது எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள், பெருத்துவிடும். உடைத்துப் பார்த்தால் முகம் கல்லுப்பு மாதிரி மின்னும். நார்மலைசிங் செய்து, அதாவது சூடேற்றிக் காற்றில் ஆறவிட்டு, மறுபடி பதம் ஏற்றினால் மீட்டுவிடலாம். இரண்டாவது, எஃகு கருகிப்போவது. ஃபோர்ஜிங் சூடு 1,300 டிகிரியைத் தாண்டி எகிறும்போது கிரெய்ன்களின் விளிம்பே உருகவும் ஆக்சைடு ஏறவும் ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு எந்த ஹீட் ட்ரீட்மென்டும் அதைக் காப்பாற்றாது. அந்தப் பழைய ரிசீவர்களில் கருகியவையும் இருந்தன. மறுபடி பதம் ஏற்றிப் பார்த்தார்கள், நம்பும்படி வரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ரிசீவர்கள் சோதனையில் தேறியவை. வழக்கமான தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு. சோதனைத் தோட்டா 70,000. அதையும் தாங்கிய ரிசீவர் சுத்தியல் அடியில் நொறுங்கியது. வலு வேறு, அதிர்ச்சியைத் தாங்குவது வேறு.

எனக்கு இது புத்தகப் பாடமாக மட்டும் இருந்ததில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் இஎன் 24 என்ற கலப்பு எஃகில் செய்த பின்கள் ஒரு லாட் எங்கள் கையை விட்டுப் போனது. உலைச் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளின் உறை விரிசல் விட்டு, அது குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. 850 என்று திரையில் ஓட, உள்ளே ஆயிரத்தைத் தொட்டிருக்கிறது. மதியம் கதவைத் திறந்து நான்தான் எட்டிப் பார்த்தேன். ‘கலர் சரியா இருக்கு’ என்றேன். ராக்வெல் சோதனையில் கடினத்தன்மை கேட்ட அளவிலேயே வந்தது. அசெம்ப்ளியில் ஒரு பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்கும்போது டிக் என்று ஒரு சத்தம், பாதி கீழே விழுந்தது. முகமெல்லாம் கல்லுப்பு. நல்லவேளை, கிரெய்ன் பெருத்ததோடு நின்றிருந்தது. மொத்த லாட்டையும் திரும்ப வாங்கி நார்மலைஸ் செய்து மீட்டோம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு உலையிலும் இரண்டாவது தெர்மோகப்பிள் இருக்கிறது. இரண்டும் 10 டிகிரிக்கு மேல் முரண்பட்டால் சரக்கு உள்ளே போகாது. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டை உடைத்து முகத்தைப் பார்க்கிறோம். பதம் சரியாக இருந்தால் சாம்பல் நிறத்தில், பட்டுத்துணி மாதிரி இருக்கும். ஒரு துண்டு வீணாகிறதே என்று கேட்கும் முதலாளிகளுக்கு அந்தப் பின்னைக் காட்டுவேன்.

ஸ்பிரிங்ஃபீல்டில் 1918 தொடக்கத்தில் முறையை மாற்றினார்கள். ஒரே தோய்ச்சலுக்குப் பதில் இரட்டைப் பதம். சூட்டை அளக்கக் கருவி. அங்கே சுமார் 8,00,000க்குக் கீழே வரிசை எண் உள்ளவையும், ராக் ஐலண்டில் 2,85,507க்குக் கீழே உள்ளவையும் பழைய பதம் என்று கருதப்படுகின்றன. கிட்டத்தட்ட பத்து லட்சம் துப்பாக்கிகள். படைக்கல அதிகாரி ஜூலியன் ஹாட்ச்சர் பின்னாளில் திரட்டிய கணக்கில் சிதறிய ரிசீவர்கள் 68. பத்து லட்சத்தில் 68 என்றால் சிறிய எண்தான். ஆனால் எது கருகியது, எது நல்லது என்று உடைக்காமல் சொல்ல வழியில்லை.

இந்தத் துப்பாக்கிகள் சேகரிப்பாளர்களிடம் இன்னும் இருக்கின்றன. ‘என் தாத்தா காலத்திலிருந்து சுடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. இத்தனை நாள் தோட்டாவின் கூடு கிழியவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

நம் ஊரில் உரிமம் வைத்திருக்கும் சிலர் பழைய துப்பாக்கியின் பாகத்தைக் கொண்டுவந்து, பழையபடி நீலமும் பழுப்புமாகச் சூட்டில் நிறம் ஏற்றித் தரச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் தளர்ந்த பாகத்துக்கு எரிவாயு டார்ச்சால் சூடு காட்டிப் பற்றவைக்கச் சொல்கிறார்கள். ஆயுதச் சட்டம் 1959இன்படி பழுதுபார்க்கவே தனி உரிமம் வேண்டும், அது எங்களிடம் இல்லை. உரிமம் இருந்தாலும் நான் செய்ய மாட்டேன். போல்ட் பூட்டும் இடத்தில் டார்ச் பட்டால் அங்கே ஏற்கெனவே ஏற்றிய பதம் இறங்கிவிடும். எவ்வளவு தூரம் இறங்கியது என்று வெளியிலிருந்து தெரியாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் கொண்டுபோங்கள். ரிசீவரில் சூடு காட்டாமல் செய்ய முடியாது என்று அவர் சொன்னால், அந்தத் துப்பாக்கியால் இனிச் சுடாதீர்கள்.