ஒரு கிலோ கறி சட்டியில் அரைக் கிலோ ஆவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை. கறிக்கடையில் நமக்கு முன்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். மதியம் வீட்டுக்கு எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள். எவ்வளவு போடச் சொல்வது? "தலைக்கு இருநூறு கிராம் வாங்குங்க, போதும்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். சில வீடுகளில் அது பொருந்தும். சில வீடுகளில் கடைசியாக உட்காருபவர்களுக்குக் குழம்பு மட்டும்தான் இருக்கும். தராசில் நிற்பதும் இலையில் விழுவதும் ஒரே எடை இல்லை என்பதுதான் சிக்கல்.

பச்சைக் கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். புரதம் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தத் தண்ணீரைத் தசை நாருக்குள் இருக்கும் நுண்ணிய புரத இழைகள் தமக்கிடையே பிடித்து வைத்திருக்கின்றன. சூடு 50 டிகிரி செல்சியஸை ஒட்டும்போது அந்த இழைகளில் ஒன்றான மயோசின் குலைந்து இறுகத் தொடங்குகிறது. 60 டிகிரியைத் தாண்டினால், நார்களைச் சுற்றி உறைபோல் இருக்கும் கொலாஜன் சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளுகிறது. 70 டிகிரி வாக்கில் ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் இறுகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் வதக்கினாலும் கறி சட்டி நிறைய நீர் விடுவது இதனால்தான். வெந்து முடிக்கும்போது சதை தன் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இழந்திருக்கும்.

குக்கரில் வைத்தால் குறைவாகச் சுருங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளே அழுத்தம் கூடிச் சூடு 120 டிகிரி வரை போவதால் கொலாஜன் சீக்கிரம் ஜெலட்டினாகக் கரைகிறது, கறி பஞ்சு போல் ஆகிறது. ஆனால் பிழிந்து வெளியேறிய நீர் திரும்ப உள்ளே போவதில்லை. மென்மை வேறு, எடை வேறு.

இதோடு எலும்பையும் கழிக்க வேண்டும். கலந்து வெட்டிய ஆட்டுக்கறியில் கால் பங்கு எலும்பு என்று கணக்கிடலாம். 1 கிலோ வாங்கினால் சதை 750 கிராம். அதில் 30 சதவீதம் போனால் மிச்சம் 525 கிராம். பாதிதான்! எலும்பை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெஞ்செலும்பு இல்லாத குழம்பில் அந்தக் கெட்டியும் ருசியும் வராது. அதற்காக அதைச் சதைக் கணக்கில் சேர்க்க முடியாது. தனிக்கறியாக வாங்கினால் எடையைக் கால் பங்கு குறைத்துக்கொள்ளலாம். கோழி வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் விலை உயிர் எடைக்கா, உரித்த எடைக்கா என்று கேட்டுவிடுவது அவசியம். உயிரோடு ஒன்றரைக் கிலோ இருந்த பிராய்லர், தோல் உரித்துச் சுத்தம் செய்தபின் ஏறக்குறைய 1 கிலோதான் தேறும்.

அதனால் இலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவதே என் வழி. சோறு, குழம்பு, பொரியல், ரசம் எல்லாம் உள்ள விருந்தில் ஒருவருக்கு வெந்த சதை 80 கிராம் போதும். அப்படியானால் எலும்போடு வாங்க வேண்டியது 150 கிராம், எட்டுப் பேருக்கு 1.2 கிலோ. சுக்கா செய்தால் 200 கிராமாவது வேண்டும். குழம்பில் பிழிந்த நீரும் சாறாகிச் சோற்றோடு வயிற்றுக்குப் போகிறது. சுக்காவில் அது ஆவியாகிவிடும், துண்டு மட்டும்தான் மிஞ்சும். பிரியாணிக்கு அரிசியும் கறியும் சம எடை என்ற கணக்கில், கிலோ அரிசி எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும்.

மட்டனோடு கோழி வறுவலும் மீனும் சேர்ந்தால்? ஒரே சுவையைத் தொடர்ந்து தின்னும்போது அந்தச் சுவையில்தான் முதலில் ஆசை அடங்குகிறது, புதிய சுவை வந்தால் பசி மீண்டும் எட்டிப் பார்க்கிறது. உணவு ஆய்வுகள் இதைத் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. எனவே ஒவ்வொரு வகையும் குறைவாகத் தேவைப்படும், மொத்தம் மட்டும் கூடும். மூன்று வகைக்கும் முழு அளவு வாங்குவது பெரிய தவறு.

எவ்வளவு கூடுதலாக வாங்குவது என்பதற்கும் கணிதம் உண்டு. ஒருவர் உண்பது சராசரியிலிருந்து 40 சதவீதம் ஏறி இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் கூடக்கூட, நிறையச் சாப்பிடுபவரும் கொறிப்பவரும் ஒருவரை ஒருவர் ஈடுகட்டுவார்கள். மொத்தத்தில் வரும் ஏற்ற இறக்கம் ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடும். 4 பேருக்கு அது 20 சதவீதம், 100 பேருக்கு 4 சதவீதம்தான். நான்கு பேர் விருந்துக்குக் கூடுதலாகக் கால் கிலோ வாங்குவது நியாயம். நூறு பேர் காதுகுத்துக்கு அதே பயத்தில் கால் பங்கு கூட்டி வாங்குவதற்குக் காரணம் இல்லை.

இந்த ஈடுகட்டல் பசிக்குத்தான் பொருந்தும், வருகைக்குப் பொருந்தாது. விருந்தாளிகள் தனித்தனியாக வருவதில்லை. ஒரு வேனில் பன்னிரண்டு பேர் சேர்ந்து வருவார்கள், இல்லையென்றால் பன்னிரண்டு பேரும் சேர்ந்தே வரமாட்டார்கள். அந்த ஏற்ற இறக்கத்தை எந்த வர்க்கமூலமும் குறைக்காது. கடைக்குக் கிளம்புவதற்கு முன் அந்த வேனில் வரும் பெரியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.