‘நிலையான பகுப்பாய்வு’ அன்று, இயக்காப் பகுப்பாய்வு

“நிலையான பகுப்பாய்வின் மூலம் குறியீட்டின் சிக்கலைக் குறைத்து வாசிப்புத்திறனை மேம்படுத்தலாம்.” நிரலாக்கம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் உதவிக் குறிப்புகளிலும் இந்த வாக்கியமோ இதன் உடன்பிறப்போ திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நிரல் எழுதத் தெரியாத ஒருவர் இதைப் படித்தால் என்ன விளங்கும்? உறுதியான ஏதோ ஓர் ஆய்வைச் செய்தால் ஒரு குறியீட்டில் உள்ள பிரச்சினை தீர்ந்து, வாசிப்பவரின் திறமை கூடும் என்று விளங்கும். நிரல் எழுதத் தெரிந்தவரோ மனத்துக்குள் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்த பிறகே புரிந்துகொள்வார். ஒரே வரியில் நான்கு கலைச்சொற்கள், நான்கும் பழுது. பெரிய பழுது முதற்சொல்லில் இருக்கிறது.

அந்தச் சொல் பெயர்க்க முயலும் ஆங்கிலச் சொல் ஸ்டாட்டிக் அனாலிசிஸ். நிரலை ஓட்டாமல், படித்து மட்டும் ஆராய்வது என்பது அதன் பொருள். ‘ஸ்டாட்டிக்’ என்ற சொல் ‘நிற்கச் செய்தல்’ என்னும் பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்தது. இயற்பியல் வழியாகக் கணினித் துறைக்குள் நுழைந்தது. இந்த வகைக் கருவிகளில் பலரும் அறிந்த மூதாதை ‘லின்ட்’. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் சி மொழிக்காக எழுதியது. துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரையே அதற்கு வைத்தார்கள். சொல்வரலாறு இவ்வளவுதான், வழக்கு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கிரேக்க வேருக்கு ‘நில்’ என்று பொருள், தமிழிலும் ‘நில்’ இருக்கிறது, ஆகவே ‘நிலையான’ என்று போட்டுவிட்டார்கள். வேர் பொருந்தினால் சொல்லும் பொருந்தும் என்ற கணக்கு. ஆனால் தமிழில் ‘நிலையான’ என்பது நெடுங்காலமாக வேறொரு பொருளில் ஊறிய சொல். நிலையான ஆட்சி, நிலையான வருமானம் என்கிறோம். அழியாதது, மாறாதது, நீடிப்பது என்பதே பொருள். இதன் மறுதலையான ‘நிலையாமை’க்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு, அங்கே பேசப்படுவது செல்வமும் உடம்பும் நீடிக்காமை. ஓடுவது, ஓடாதிருப்பது என்ற எதிர்வு இந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை. அதனால் ‘நிலையான பகுப்பாய்வு’ என்றதும், முடிவு மாறாத ஆய்வு அல்லது நம்பத்தக்க ஆய்வு என்று மாணவர் எடுத்துக்கொள்கிறார். கருவியின் இயல்போ நேர்மாறு: அது தவறான எச்சரிக்கைகளும் தரும், ஒரு விதியை மாற்றினால் முடிவும் மாறும்.

நிரலை ஓட்டிப் பார்த்து ஆராயும் எதிர்வகையான ‘டைனமிக்’ என்பதற்கு இதே வழியில் ‘மாறும் பகுப்பாய்வு’ என்று எழுதுகிறார்கள். மாறுவது எது? பகுப்பாய்வா?

ஸ்டாட்டிக் வரும் இடமெல்லாம் ‘நிலையான’ தவறு என்று நான் சொல்லவில்லை. ‘நிலையான ஐபி முகவரி’ சரி. அந்த முகவரி உண்மையிலேயே மாறாது. சி மொழியில் செயற்கூற்றுக்குள் (ஃபங்ஷன்) ஸ்டாட்டிக் என்று அறிவித்த மாறி (வேரியபிள்), செயற்கூறு முடிந்த பின்னும் தன் மதிப்பை வைத்திருக்கும். அதற்கும் ‘நிலைத்த மாறி’ பொருந்தும். ஆங்கிலம் மூன்று கருத்துகளை ஒரே சொல்லில் அடக்கியது என்பதற்காக நாமும் அடக்க வேண்டியதில்லை.

மாற்றாக முன்வைக்கப்படும் சொற்களையும் பார்த்துவிடலாம். ‘நிலைப் பகுப்பாய்வு’ சற்று மேல். ஆனால் கணினித் துறையில் ‘நிலை’ என்பது ஸ்டேட் என்பதற்கு ஏற்கெனவே வழங்குகிறது. நிலைகளை ஆராய்வது என்று படித்துவிட வாய்ப்பு அதிகம். ‘மூலநிரல் பகுப்பாய்வு’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லைக்குள் அடங்காது. ஜாவாவுக்கான ஸ்பாட்பக்ஸ் கருவி மூலநிரலைப் பார்ப்பதில்லை. கம்பைலர் அதை இயக்கத்துக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றித் தரும் பைட்கோடைப் பார்க்கிறது. அதுவும் இந்த வகைதான். ‘இயக்குமுன் பகுப்பாய்வு’ என்றால், பத்து ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இன்று ஆராய்வதை எதில் சேர்ப்பது? முன்பின் என்பது இங்கே பேச்சே இல்லை. ‘இயங்காப் பகுப்பாய்வு’ என்று எழுதுபவர்கள் தன்வினையையும் பிறவினையையும் குழப்புகிறார்கள். அது வேலை செய்யாத பகுப்பாய்வு என்றே ஒலிக்கும். ‘இயங்காநிலைப் பகுப்பாய்வு’ பொருளில் தவறில்லை. என்றாலும் முடங்கிப்போன அமைப்பை ஆராய்வது போன்ற சாயல் விழுகிறது, நீளமும் கூடுகிறது.

இயக்காப் பகுப்பாய்வு என்பதே சரியான சொல். இயக்காமல் செய்யும் பகுப்பாய்வு. பகுப்பாய்வு எதையும் இயக்குவதில்லையே, இலக்கணப்படி இது நிற்குமா என்று கேட்பார்கள். ‘உண்ணாநோன்பு’ நிற்கவில்லையா? நோன்பு உண்பதுமில்லை, உண்ணப்படுவதுமில்லை. உண்ணாமல் இருக்கும் நோன்பு. அதே வார்ப்பு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் ‘ப்’ மிகும். அதை விட்டுவிடக் கூடாது. எதிர்ச்சொல்லை மட்டும் ‘இயக்கப் பகுப்பாய்வு’ என்று வைக்கக் கூடாது, ஒரு துணைக்கால் தவறினால் பொருள் தலைகீழாகிவிடும். ‘இயங்குநேரப் பகுப்பாய்வு’ என்றால் கண்ணும் குழம்பாது, காதும் குழம்பாது.

இந்தச் சொல்லுக்காக இவ்வளவு வாதாடக் காரணம் உண்டு. இக்கருவிகளின் வலிமை, குறை இரண்டுமே ‘இயக்காமை’யிலிருந்துதான் பிறக்கின்றன. ஒரு ஜாவா நிரலில் ‘தள்ளுபடி’ என்ற உள்மாறிக்கு, வாங்குபவர் உறுப்பினராக இருந்தால் மட்டும், அந்த நிபந்தனையைப் பார்க்கும் ஓர் இஃப் தொகுதிக்குள் மதிப்பு தரப்படுகிறது. கீழே எல்லோருக்கும் அது பயன்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிரலை ஓட்டிச் சோதித்தால் ஒரு சோதனை ஒரு வழியில்தான் போகும். எழுத்தைப் படிக்கும் கம்பைலரோ கிளையின் இரு வழிகளையும் பார்த்து, மதிப்பு பெறாத மாறி என்று தடுத்துவிடும். இது வலிமை. இப்போது, உறுப்பினர் இல்லையென்றால் மதிப்பு பூச்சியம் என்று இரண்டாவதாக ஒரு தனி இஃப் சேர்த்தால்? மனிதக் கண்ணுக்கு ஓட்டை அடைபட்டுவிட்டது. கம்பைலர் அப்போதும் மறுக்கும். இரண்டு நிபந்தனைகளில் ஒன்று கட்டாயம் நிறைவேறும் என்று அது கணக்கிடுவதில்லை. இது குறை. இரண்டாவது இஃபுக்குப் பதிலாக, ‘இல்லையென்றால்’ என்னும் எல்ஸ் போட்டு எழுதினால் அதற்கும் விளங்கும், அடுத்துப் படிப்பவருக்கும் விளங்கும். நிரலின் நடத்தை பற்றிய அற்பமல்லாத கேள்வி எதற்கும், எல்லா நிரல்களுக்கும் பிழையின்றி விடை சொல்லும் பொதுவழி இருக்க முடியாது என்று ரைஸ் தேற்றம் 1953லேயே நிறுவிவிட்டது. ‘இயக்கா’ என்ற அடையைப் பார்க்கும் மாணவருக்கு, தவறான எச்சரிக்கை ஏன் வருகிறது என்பதற்குப் பாதி விடை பெயரிலேயே கிடைக்கும். ‘நிலையான’ என்பது அந்தக் கேள்வியையே எழவிடாது.

இனி, முதல் வாக்கியத்தின் மற்ற மூன்று சொற்களும். ‘குறியீடு’ என்பது அடையாளக் குறி; நிரல் எழுத்துக்கு ‘மூலநிரல்’ இருக்கிறது. ‘சிக்கல்’ வேரளவில் மிகப் பொருத்தமான சொல், நூலில் விழும் சிக்கல்தான் அது. ஆனால் இன்றைய வழக்கில் பிரச்சினை என்ற பொருள் மேலோங்கிவிட்டதால் ‘சிக்கல்தன்மை’ என்று எழுதுவதே தெளிவு. அதோடு நிறுத்தாமல், தாமஸ் மெக்கேப் 1976இல் முன்வைத்த சைக்ளோமேட்டிக் அளவைச் ‘சுழற்சிச் சிக்கல்தன்மை’ என்று பெயர்க்கிறார்கள். மாணவர்கள் உடனே, நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் ஃபார், வைல் சுழற்சிகளை எண்ண உட்கார்ந்துவிடுகிறார்கள். அது கோட்டுருவியலில் (கிராஃப் தியரி) ஒன்றையொன்று சாராத சுற்றுகளின் எண்ணிக்கை. நடைமுறையில், செயற்கூற்றின் ஊடே செல்லும் ஒன்றையொன்று சாராத வழிகளின் எண்ணிக்கை. சுழற்சியே இல்லாத நிரலிலும் அது 15 ஆகலாம். இஃப், கேஸ், ஃபார், வைல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூட்டி, கடைசியில் இன்னொரு ஒன்று சேர்த்தால் எண் கிடைக்கும். மெக்கேப் சொன்ன மேல்வரம்பு 10. ‘தனிவழி எண்’ என்றால் போதும்.

‘வாசிப்புத்திறன்’ பற்றி எனக்குக் கோபமே வருகிறது. திறன் வாசிப்பவருடையது. இங்கே பேசப்படுவதோ எழுத்தின் எளிமை. இந்தச் சொல், புரியாமல் எழுதியவரை விட்டுவிட்டுப் படிப்பவர் தலையில் பழியைப் போடுகிறது. ‘படிப்பெளிமை’ என்று சொல்லுங்கள், பொறுப்பு எழுதியவரிடம் திரும்பும்.

படிப்பெளிமையும் தனிவழி எண்ணும் ஒன்றல்ல என்பதையும் மொழிபெயர்ப்பாளர்கள் மறைத்துவிடுகிறார்கள். பல கிளைகளில் ஒன்றைத் தேரும் ஸ்விட்சில் பத்து கேஸ் இருந்தால் தனிவழி எண் 11, ஆனால் படிக்க எளிது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று இஃப் வைத்தால் எண் 4தான், படிக்கக் கடினம். சோனார்சோர்ஸ் நிறுவனம் கொண்டுவந்த, புரிந்துகொள்ளும் சிரமத்தை அளக்கும் காக்னிட்டிவ் அளவு, உள்ளடுக்குக்கு மேலதிகப் புள்ளி போடுகிறது: ஸ்விட்சுக்கு மொத்தமே 1, மூன்றடுக்கு இஃபுக்கு 1, 2, 3 என்று கூடி 6. அதே மூன்று நிபந்தனைகளைத் தலைகீழாக்கி, பொருந்தாதபோது உடனே ரிட்டர்ன் செய்யும்படி வரிசையாக எழுதினால் 6 என்பது 3 ஆகும்; தனிவழி எண் அசையாமல் 4லேயே நிற்கும். எண்ணை மட்டும் பார்த்து ஒரு செயற்கூற்றைப் பகுதி1, பகுதி2 என்று வெட்டினால் இரண்டு அளவும் இறங்கும், படிப்பவர் பாடு மட்டும் கூடும்.

முதலில் காட்டிய வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்: “இயக்காப் பகுப்பாய்வைக் கொண்டு மூலநிரலின் சிக்கல்தன்மையைக் குறைக்கலாம், படிக்கவும் எளிதாக்கலாம்.”