கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ்: "கண்ணாடியே வேணாம்"னு கேக்குறவங்களுக்கு

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணை அளந்து லென்ஸ் பவர் கணக்குப் போடுறது என் வேலை. மதுரைக்காரங்களுக்கு ஆபரேஷன்னா பெருசா பயம் இருக்குறதில்ல, 1976ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஊரு, லென்ஸையே 1992ல இருந்து அவங்களோட ஆரோலேப் கம்பெனில இங்க செய்றாங்க. குழப்பமெல்லாம் எந்த லென்ஸ் வைக்கிறதுன்னுதான்.

சாதா மோனோஃபோகல் லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் ஷார்ப்பா காட்டும், பொதுவா தூரப்பார்வைக்கு வைப்போம், படிக்க கண்ணாடி வேணும். இப்போ ஈடாஃப்னு (EDOF, தெளிவா தெரியுற தூரத்த நீட்டுற லென்ஸ்) ஒண்ணு வருது, தூரமும் தெரியும், கை நீட்டுற தூரத்துல இருக்குற கம்ப்யூட்டர், கல்லாப்பெட்டி, அடுப்பு இதெல்லாமும் தெரியும்.

இது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுகிட்டா விளம்பரத்துல ஏமாற மாட்டீங்க. கேமராவுலயும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சிருக்காங்க. 1995ல அமெரிக்காவுல டவ்ஸ்கி, கேத்தின்னு ரெண்டு பேரு கேமரா லென்ஸ் முன்னாடி ஒளி அலைய கொஞ்சம் நெளிக்கிற மாதிரி ஒரு தட்டு (ஃபேஸ் பிளேட்) வச்சா, கிட்ட இருக்குறதும் தள்ளி இருக்குறதும் கிட்டத்தட்ட ஒரே அளவு மங்கலா விழும்னும், அந்த மங்கல கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எடுத்துரலாம்னும் காட்டுனாங்க. ஆனா மங்கல எடுக்கும்போது படத்துல புள்ளி புள்ளியா இரைச்சலும் கூடும். அதனாலதான் அப்புறம் அட்ஜஸ்ட் பண்ற பிளேட்டும் வந்துச்சு, ரெண்டு தட்டை ஒண்ணுக்கொண்ணு நகர்த்தி நெளிவ கூட்டலாம் குறைக்கலாம், வெளிச்சம் நல்லா இருந்தா கூட்டிக்கலாம், இருட்டுன்னா குறைச்சுக்கணும்.

கண்ணுக்குள்ள அந்த கம்ப்யூட்டர் இல்ல, நகர்த்துற திருகும் இல்ல. ஒளிய பல தூரத்துக்குப் பரப்புனா ஒவ்வொரு தூரத்துக்கும் கிடைக்கிற தெளிவு கொஞ்சம் குறையத்தான் செய்யும், மூளை ஓரளவு பழகிக்கும், அவ்வளவுதான். அதனால கண்ணுக்குள்ள வைக்கிறதுல நெளிவ ரொம்ப கம்மியாத்தான் வைப்பாங்க. மோனோஃபோகல விட அரை டயாப்டராவது (லென்ஸ் பவரோட அளவு) தெளிவா தெரியுற ஆழம் கூடுதலா இருந்தாத்தான் ஈடாஃப்னு சொல்லணும்னு தர அளவே இருக்கு, அரை டயாப்டர்ங்கிறது சின்ன விஷயம்தான். மாத்திரை அட்டைல இருக்குற பொடி எழுத்துக்கும் ஊசில நூல் கோர்க்கவும் பெரும்பாலும் கண்ணாடி எடுக்க வேண்டி வரும்.

சுகரால விழித்திரை கெட்டவங்க, கிளாக்கோமா (கண் நரம்பு கெடுற நோய்) இருக்குறவங்களுக்கு ஏற்கனவே கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சம் இருட்டு வித்தியாசம் தெரியுறது, குறைஞ்சிருக்கும், அதுல இன்னும் குறைக்கிற லென்ஸ வைக்கிறத நல்லா யோசிக்கணும், இந்த ஒரு விஷயத்தை நான் எல்லார்கிட்டயும் அழுத்திச் சொல்லுவேன். ராத்திரி பூரா வண்டி ஓட்டுற டிரைவர் அண்ணனுக்கு எதிர் வண்டி லைட்டச் சுத்தி வளையம் தெரிஞ்சா பொழப்புக்கே ஆபத்து. ஒளிய கிட்டத்துக்கும் தூரத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற மல்டிஃபோகல் லென்ஸ்ல அந்த வளையம் அதிகம், ஈடாஃப்ல கம்மி, மோனோஃபோகல்ல இன்னும் கம்மி.

வச்சதுக்கு அப்புறம் யூவி வெளிச்சம் காட்டி பவர மாத்துற லென்ஸுக்கு 2017ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க, அதுவும் கடைசியா லாக் பண்ணிட்டா அப்படியே நின்னுரும். மத்த லென்ஸ ஒருதடவ வச்சா வச்சதுதான், வெளிய எடுக்கணும்னா இன்னொரு ஆபரேஷன். அதனால கவுன்சிலிங்ல வெறும் விலைய மட்டும் கேக்காதீங்க. தெற்காவணி மூல வீதில நகை வேலை பாக்குறவரா, பூ கட்டுற அம்மாவா, நாள் முழுக்க லேப்டாப்பா, அந்த வேலை கண்ணுல இருந்து எவ்வளவு தூரத்துல நடக்குதுன்னு வீட்டுலயே டேப் வச்சு அளந்து எழுதிட்டு வாங்க, சுகர் ரிப்போர்ட்டும் பழைய கண்ணாடியும் கூடவே கொண்டு வாங்க.