கறுப்பு மட்டுமே பூசிய வண்ண ஓவியம்

12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் எழுந்த கோதிக் பாணிப் பேராலயத்தின் வண்ணச் சன்னலில் தெரியும் இயேசுவின் கண், மூக்கு, தாடி எல்லாம் ஒளி புகாத கோடுகள்தாம். நிறம் கண்ணாடியிலேயே ஊறியிருக்கிறது. ஓவியர் பூசியது கறுப்பு, பழுப்பு மை மட்டும்.

12ஆம் நூற்றாண்டுத் துறவி தியோபிலஸ் எழுதிவைத்த கண்ணாடிப் பக்குவம்: பீச் மரச்சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. சாம்பலிலுள்ள பொட்டாசியம், மணல் உருகத் தேவையான வெப்பத்தைக் குறைக்கிறது. கோபால்ட் சேர்த்தால் நீலம், தாமிரத்தால் சிவப்பு. தொல்லை சிவப்பில்தான். தகட்டின் முழுக் கனமும் சிவந்தால் கறுப்பாகவே தெரியும். அதனால் நிறமற்ற கண்ணாடியோடு மெல்லிய சிவப்பு ஏடுகளைச் சேர்த்து ஊதினார்கள்.

சுண்ணம் தடவிய பலகைமேல் காட்சியை முழு அளவில் வரைந்து, அதன்மேல் கண்ணாடியை வைத்துக் கோடிழுப்பார்கள். வைர முனை அன்று இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் விரிசல் விடவைத்து, ஓரத்தை இரும்புக் கொக்கியால் கொறித்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு உலோக ஆக்சைடு, கண்ணாடித் தூள் இரண்டையும் ஒயினிலோ சிறுநீரிலோ (ஆம், சிறுநீரில்தான்) குழைத்துத் தீட்டிச் சூளையில் சுடுவார்கள். தூள் உருகினால்தான் மை பிடிக்கும். சூடு குறைந்தால் சில நூற்றாண்டில் மை உதிர்ந்து, புனிதரின் முகம் வெறும் கண்ணாடியாகிவிடும். மிஞ்சினால் துண்டே நெளியும்.

துண்டுகளை இணைப்பது இருபுறமும் பள்ளமுள்ள ஈயப் பட்டை. நல்ல கைவினைஞர் அதை அங்கியின் விளிம்பிலும் கழுத்தோரத்திலும் ஓட்டி, உருவத்தின் வெளிக்கோடாக்கிவிடுவார். முகத்தின் குறுக்கே கோணலாக ஈயம் ஓடினால், பெரும்பாலும் அது பிற்காலத்தில் உடைசலை ஒட்டிய தழும்பு.

காட்சிகளைப் பொதுவாகக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த நல்ல சமாரியன் சன்னலில் (கள்வர் அடித்துப்போட்டவனை ஒரு சமாரியன் காப்பாற்றும் இயேசுவின் உவமை), கீழ்ப்பகுதியில் கள்வரிடம் சிக்கிய வழிப்போக்கன். மேலே ஏதேனிலிருந்து துரத்தப்படும் ஆதாமும் ஏவாளும். அடிபட்டவன் மனிதகுலம், காப்பாற்றிய சமாரியன் கிறிஸ்து என்ற விளக்கவுரையை அடுக்கே சொல்லிவிடுகிறது.

உருக்க உதவிய பொட்டாசியமே பின்னாளில் கேடு. ஈரம் அதைக் கரைத்தெடுக்க, கண்ணாடியில் குழிகள் விழுந்து, அதிலுள்ள கால்சியம் காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து ஜிப்சம் பொருக்காகப் படிகிறது. சுரண்டினால் அடியிலுள்ள கண்ணாடியும் பெயர்ந்து வரலாம். அதனால் இப்போது வெளிப்பக்கம் சாதாரணக் கண்ணாடி பொருத்தி, இடைவெளியில் ஆலயத்தின் உட்காற்று ஓடும்படி விடுகிறார்கள். மழையும் பனிநீரும் புதுக் கண்ணாடியோடு நின்றுவிடும்.