ஒன்பதில் நின்ற கால்

13-இல் 5 போனால் எவ்வளவு? நான் பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் விடாமல் 9 என்றே எழுதிக்கொண்டிருந்தான். 15-இல் 6 போனால் 10. 12-இல் 4 போனாலும் 9. எல்லாவற்றிலும் ஒன்று கூடுதல். சிவப்பு மையில் திருத்தினேன், மறுபடி சொல்லிக்கொடுத்தேன், கவனம் இல்லை என்று திட்டவும் செய்தேன்.

ஒரு நாள் வராந்தாவில் சாக்பீஸால் 0 முதல் 20 வரை கட்டம் போட்டு அவனை 13-இல் நிற்கவைத்து, “அஞ்சு கட்டம் பின்னால போ” என்றேன். நின்ற இடத்திலேயே காலைத் தட்டி “ஒண்ணு” என்றான். அப்புறம்தான் 12-க்கு நகர்ந்து “ரெண்டு”. “அஞ்சு” என்றபோது கால் 9-இல் நின்றது.

அவனுக்குக் கழித்தல் தெரிந்திருந்தது. எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது என்பதில்தான் குழப்பம். பல வாரம் நோட்டைத் திருத்தியும் எனக்குப் பிடிபடாதது, அவன் பாதத்தைப் பார்த்த அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. “நகர்ந்தாதான் ஒண்ணு” என்று சொன்னேன். அந்த வாரத்துக்குள் கணக்கு சரியானது. அன்றிலிருந்து என் வகுப்பில் அந்தக் கட்டம் அழிவதே இல்லை.

நம் பள்ளிகளில் பிள்ளைகளின் உடம்பு எப்போது அசைகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெஞ்சு மேல் ஏறி நில், தோப்புக்கரணம் போடு, மைதானத்தை மூன்று சுற்று ஓடு. அசைவு என்றால் தண்டனை. கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்தால் நல்ல பிள்ளை. இதை எத்தனை வருடம் நானும் செய்தேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாடும் உடலசைவு வேண்டும் என்கிறது. நாமோ இருக்கிற பி.டி. பீரியடையும் கணக்குக்கு வாங்கிக்கொள்கிறோம்.

நெதர்லாந்தில் இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அசைவோடு பாடம் நடத்துவதை இரண்டு ஆண்டு சோதித்துப் பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் மூன்று முறை, 20 முதல் 30 நிமிடம், ஓடியும் குதித்துமே கணக்கும் மொழியும் படித்தார்கள். கணக்கிலும் எழுத்துப்பிழையின்றி எழுதுவதிலும் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மாதப் படிப்பு முன்னால் போயிருந்தார்கள். வாசிப்பில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. இந்தக் கடைசி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். குதித்தால் எல்லாம் வந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நமக்கு இது புதிதும் இல்லை. தொல்காப்பியம் மாத்திரைக்குச் சொல்லும் அளவே கண் இமைப்பதும் கை நொடிப்பதும்தான். எழுத்தின் ஒலியை உடம்பால் அளந்தவர்கள் நாம். அதையே நான் காலுக்கு மாற்றினேன். குறிலுக்கு ஒரு எட்டு எடுத்து வைக்க வேண்டும், நெடிலுக்கு இரண்டு எட்டு. ‘படம்’ என்றால் ‘ப’வுக்கு ஒரு எட்டு, ‘பாடம்’ என்றால் ‘பா’வுக்கு இரண்டு. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, அதனால் கால் நகராது, விரல் சொடுக்கு மட்டும். துணைக்கால் போட மறக்கும் பிள்ளைகளுக்கு இதுபோல உதவியது வேறொன்றும் இல்லை. எழுதும்போதே கால் அசைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கே அசைவே பாடம். பாடத்தின் நடுவில் இரண்டு நிமிடம் கை தட்டி ஆடவைப்பதும் நல்லதுதான், களைப்புப் போகும். ஆனால் அது இடைவேளை. எண் கட்டத்தில் பின்னால் போகும் கால் கழித்தலையே செய்கிறது.

இடம் இல்லை, சத்தம் வரும் என்பார்கள். 35 பேர் இருக்கும் அறையில் எல்லோரையும் குதிக்கவிட முடியாதுதான். நான் ஐந்து பேரை வராந்தாவுக்கு அனுப்புவேன். மற்றவர்கள் அவர்கள் கால் போகிற வழியைச் சிலேட்டில் எழுதுவார்கள். பத்து நிமிடத்தில் ஆள் மாறும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குதிக்கிற வேலை வைப்பதில்லை. முன்பெல்லாம் காலையிலும் தயங்குவேன், வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். காலை உணவுத் திட்டம் 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு முதல் பீரியடே கட்டத்தில் தொடங்குகிறது.

காலில் ஊனமுள்ள ஒரு பெண் படித்தாள். அவளை ஓரமாக உட்காரவைத்து எண்ணிக்கை சொல்லவைத்தது என் முதல் தவறு. வேடிக்கை பார்க்கிற ஆளாகிப்போனாள். அப்புறம் பாண்டி ஆட்டத்துச் சில்லை அவளிடம் கொடுத்தேன். அவள் எறிந்து எந்தக் கட்டத்தில் விழுகிறதோ, அங்கிருந்துதான் மற்றவர்கள் கணக்கைத் தொடங்க வேண்டும். அவள் வேண்டுமென்றே கஷ்டமான எண்ணாகப் பார்த்து எறிய ஆரம்பித்தாள். அதற்கு விடையையும் முதலில் அவளே போட்டு வைத்திருப்பாள்.

பெற்றோருக்கு ஒன்று. “இன்னிக்கு என்ன எழுதினே?” என்று நோட்டை மட்டும் பார்க்காதீர்கள், வீட்டுத் தரையில் கட்டம் போட்டு நடந்து காட்டச் சொல்லுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், கால அட்டவணையில் வாரத்துக்கு எத்தனை பி.டி. பீரியட் இருக்கிறது, போன மாதம் அதில் எத்தனை நிஜமாக நடந்தது என்று கேளுங்கள்.